பதினோரு கிராம்

வாழைப்பழத்தில் புரதம் இல்லை என்றே சொல்லிவிடலாம். நூறு கிராம் பழத்துக்கு ஒரு கிராமும் கொஞ்சமும், அவ்வளவுதான். அந்தப் பழத்தை வைத்துக்கொண்டு 'புரதம் நிறைந்த பனானா பிரெட்' என்று லேபிள் ஒட்டித் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் விற்கிறவள் நான். அதனால் சூட்சுமத்தை நானே போட்டு உடைத்துவிடுகிறேன். பழம் பெயருக்கும் வாசனைக்கும் இனிப்புக்கும்தான். புரதம் முழுக்க நாம் சேர்க்கிற மற்ற பண்டங்களிலிருந்து வரவேண்டும். அவை கூடக் கூட பிரெட் இறுகும். மெத்தென்று இருக்கவேண்டும் என்று நாக்கு கேட்கும், எண் ஏறவேண்டும் என்று லேபிள் கேட்கும். இந்த இழுபறியில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

சாதாரண பனானா பிரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மைதா 200 கிராம், முட்டை இரண்டு, வெண்ணெய் 100, சர்க்கரை 150, பழம் 300. வெந்து ஆறியபின் நிறுத்துப் பார்த்தால் நூறு கிராமுக்கு ஐந்தரை கிராம் புரதம் தேறும். அமெரிக்காவில் சோடாவும் பேக்கிங் பவுடரும் வீட்டுக்கு வீடு புழங்கத் தொடங்கிய 1930களில், கையில் காசில்லாத காலத்தில், கறுத்த பழத்தைக் கொட்ட மனம் வராத பெண்கள் பரப்பிய பண்டம் இது. பில்ஸ்பரி மாவுக் கம்பெனி 1933-ல் போட்ட சமையல் புத்தகத்தில் இதற்கும் ஓர் இடம் கிடைத்தது. பழம் வீணாகாமல் போனால் சரி என்பதுதான் அவர்கள் கவலை. "இதுல புரோட்டீன் எவ்ளோக்கா?" என்று கேட்டது நம் ஊர் ஜிம் பையன்கள்தான்.

எனக்கு ஓவன் பழக்கம் வானூர்ப் பக்கம் வந்தது. ஆரோவில் 1968-ல் தொடங்கியதிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ரொட்டி சுடத் தெரிந்தவர்கள் பெருகிவிட்டார்கள். ஆரோவில் என்றதும் பலர் புதுச்சேரி என்று நினைக்கிறார்கள், பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. குயிலாப்பாளையம் போனால் முழுக்கோதுமை ரொட்டி வாங்கலாம். அங்கே ஒரு பேக்கரியில் வேலை பார்த்த அக்கா ஒருத்தி எனக்கு உறவு. மாவு எப்போது பொறுமையாக இருக்கும், எப்போது இருக்காது என்பதை அவளிடம்தான் கற்றேன். அவள் சொல்லித் தந்தது ஈஸ்ட் ரொட்டி. 2020 ஊரடங்கில் திண்டிவனத்தில் எந்தக் கடையிலும் ஈஸ்ட் இல்லை. ஆப்ப சோடாவுக்குப் பஞ்சமே வரவில்லை. உலகமே அந்த மாதங்களில் பனானா பிரெட் சுட்டுக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். என் கைக்குக் கிடைத்தது சோடாவும் பழமும், அதனால் நானும் சுட்டேன்.

விற்க ஆரம்பித்தபின் வந்ததுதான் எண்ணின் கதை. வீட்டில் செய்து விற்கிறவர்களும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்கவேண்டும். நான் எடுத்தபோது ஆண்டு வியாபாரம் 12 லட்சத்துக்குள் இருந்தால் சாதாரணப் பதிவு போதுமாக இருந்தது, வருடத்துக்கு நூறு ரூபாய். பதிவு எடுத்தபின் லேபிளில் என்ன எழுதலாம் எழுதக்கூடாது என்று தேடிப் படித்தபோதுதான் 2018-ன் விளம்பர விதிகள் கண்ணில் பட்டன. திடப்பொருளில் 'புரதம் நிறைந்தது' என்று எழுத வேண்டுமானால், நூறு கிராமில் ஒரு நாள் தேவையின் 20 சதவீதமாவது இருக்கவேண்டும். 'புரதம் உள்ளது' என்று மட்டும் எழுத 10 சதவீதம் போதும். ஐ.சி.எம்.ஆர். 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி ஒரு ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம். அதில் ஐந்தில் ஒன்று 10.8. நான் அதைப் பதினொன்று என்று வைத்துக்கொண்டேன். ஐந்தரையிலிருந்து பதினொன்றுக்கு ஏறவேண்டும். சரியாக இரண்டு மடங்கு.

இந்த ஏற்றத்தைப் பற்றிப் பேசுமுன் பழத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் முதலில் கெடுவது அதுதான்.

கடலூர்ப் பக்கத்திலிருந்து தார் வருகிறது, மேற்கிலிருந்தும் வருகிறது. பழக்கடையில் சாயங்காலம் சீப்பிலிருந்து உதிர்ந்த பழத்தை வீசிய விலைக்குக் கொடுப்பார்கள், எனக்கு அதுதான் வேண்டும். ஆனால் எல்லாப் பழமும் மாவுக்கு ஆகாது. ரஸ்தாளி தின்பதற்கு ராஜா, பிசைந்தால் திப்பித் திப்பியாக நிற்கும், நடுவில் கட்டி தட்டும். மோரிஸ் நன்றாக மசியும், ஆனால் தண்ணீர் விட்டுக்கொள்ளும், வாசனையும் மட்டு. கற்பூரவல்லி தேன். அதைப் போட்டால் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம், விலைதான் கட்டாது. நேந்திரத்தை அவித்துத்தான் மசிக்கவேண்டும், அந்த வேலைக்கு வேறு பலகாரமே செய்துவிடலாம். என் கை போவது பூவனுக்கு. அதில் இருக்கும் லேசான புளிப்பு சோடாவைக் கிளப்பிவிடும். சோடா தானாகப் பெரிதாக ஒன்றும் செய்யாது, புளிப்பைத் தொட்டால்தான் நன்றாகக் காற்று விடும். கூடவே கொஞ்சம் தயிரும் சேர்த்தால் உத்தரவாதம்.

தோல் மஞ்சளாக இருப்பதை நம்பக்கூடாது. அவசரத்துக்குப் பழுக்க வைத்த பழம் மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே இன்னும் மாவுச்சத்து. அது சர்க்கரையாக மாறியிருக்காது. கார்பைடு கல் தடை செய்யப்பட்டது, எத்திலீன் வாயுவுக்கு அனுமதி உண்டு. எதில் பழுத்தாலும் சரி, தோலில் கரும்புள்ளி விழுந்து, காம்பு சுருங்கி, அழுத்தினால் விரல் பதியும் வரை நான் வீட்டில் வைத்திருப்பேன். சித்திரையில் அதற்கு ஒரு பகல் போதும். மார்கழியில் அரிசி டின்னுக்குள் போட்டு மூடவேண்டும். கறுத்த பழத்தைப் பார்த்து முகம் சுளிக்கிற வாடிக்கையாளரை நான் சமையலறைக்குள் விடுவதில்லை.

இனி புரதம்.

இந்த மண்ணில் அதற்கு மல்லாட்டையை விட்டு வேறு எங்கே போவது? மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை. திண்டிவனத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று தொடங்குகிற மல்லாட்டை ரகங்களும் எள் ரகங்களும் அங்கே பிறந்தவைதான், டி.எம்.வி. என்பது எங்கள் ஊர்ப் பெயரின் சுருக்கம். 1940-ல் வந்த டி.எம்.வி. 2 குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது, ஆந்திரா கர்நாடகா வரை பரவியது. டி.எம்.வி. 7 விதைத்த விவசாயிகள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிகளில் அறுவடை நேரத்தில் மூட்டை மூட்டையாய்க் கிடக்கும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, எங்கிருந்தோ வந்த பாதாம் மாவைக் கிலோ ஆயிரத்துக்கு வாங்கிப் போடச் சொல்லுகிற செய்முறைகளைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பாதாமில் 20 கிராம் அளவுக்குப் புரதம். மல்லாட்டையில் 24.

பருப்பு வாங்கிவந்ததும் முதல் வேலை என் மாமியாருடையது. முறத்தில் போட்டுப் புடைத்து, சூம்பியது, நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிவார். "ஒண்ணு கசந்தா ஒரு வாணலியே கசக்கும்டீ" என்பது அவர் காரணம். என் காரணம் வேறு. 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கு மேல் செத்து விழுந்தன. என்ன நோய் என்றே தெரியாமல் திண்டாடி, கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குத் தீவனத்தில் இருந்த பூஞ்சை நஞ்சு என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. வறுத்தால் முழுவதும் போகாது, சுட்டாலும் போகாது. நாற்றம் கூட அடிக்காது. ஈரம் காயாமல் மூட்டை கட்டிய காயில் அந்தப் பூஞ்சை நன்றாக வளரும். ஆகவே பொறுக்கி எறிவதில் கஞ்சத்தனம் கூடாது. மழையில் நனைந்த காய் மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்குவதில்லை.

பொறுக்கியதை மணலில் வறுக்கவேண்டும். மணல் சூட்டைச் சமமாகப் பரப்பும், தோல் மட்டும் கருகி உள்ளே பச்சையாக நிற்பது நடக்காது. ஆறவிட்டுத் தேய்த்துத் தோல் ஊதி, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டவேண்டும். இந்த இடத்தில் புதிதாகச் செய்கிறவர்கள் திணறுவார்கள். மல்லாட்டையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய். மிக்ஸியைத் தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறி எண்ணெய் கக்கி விழுதாகிவிடும், பொடி கிடைக்காது. வழி சுலபம்: செய்முறைக்கு அளந்த கோதுமை மாவில் ஒரு கைப்பிடியைப் பருப்போடு சேர்த்தே அரைத்துவிடுங்கள். மாவு எண்ணெயை இழுத்துக்கொள்ளும். அப்புறம் பெரிய கண் சல்லடையில் சலித்து, நிற்கிற குருணையை மேலே தூவ வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பொட்டுக்கடலை. 22 சதவீதம் புரதம். ஏற்கனவே வறுத்தது, மிக்ஸியில் போட்டதும் பஞ்சு போல் பொடியாகும், பச்சை வாடை கிடையாது. சட்னிக்கும் உருண்டைக்கும் என்று ஒதுக்கி வைத்த இந்தப் பருப்பைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கடலைமாவு போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு வெந்தாலும் பஜ்ஜி வாசனை போகாது. பொட்டுக்கடலை அப்படிக் காட்டிக்கொடுக்காது.

சோயா மாவைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. 36 கிராம் புரதம் என்பதற்காகச் சேர்க்கிறேன். அதில் ஒரு பச்சை வாடை உண்டு. பயறை அரைத்து ஈரம் பட்டதும் உள்ளே இருக்கும் நொதி எண்ணெயைக் கெடுத்து உண்டாக்குகிற வாடை அது. வெறும் சட்டியில் மிதமான சூட்டில் வாசம் மாறும்வரை வறுத்தால் அடங்கும். இருந்தாலும் ஒரு டின்னுக்கு 30 கிராமுக்கு மேல் போனால் நாக்கு கண்டுபிடித்துவிடும்.

இப்போது முழு அளவும் சொல்கிறேன். கோதுமை மாவு 90 கிராம், சோயா மாவு 30, பொட்டுக்கடலை மாவு 60, மல்லாட்டைப் பொடி 60, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 40, முட்டை மூன்று, மசித்த பூவன் 300, தயிர் 60, நாட்டுச்சர்க்கரை 60, எண்ணெய் 20, முக்கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, உப்பு. மல்லாட்டையே எண்ணெய் தருவதால் வெண்ணெய் தேவையில்லை. மாவுகளிலும் பருப்புகளிலும் சேர்த்து 47 கிராம் புரதம், முட்டையில் 20, பால் பவுடரில் 14, பழமும் தயிரும் ஐந்தரை. கூட்டினால் ஏறத்தாழ 87. பச்சைக் கலவை 880 கிராம் வரும். வெந்து ஆறியதும் 780. நூறு கிராமுக்குப் பதினொன்றும் கொஞ்சமும். கோட்டைத் தொட்டு நிற்கிறது.

ஆறிய எடையை வைத்து வகுக்கவேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஓவனில் போவது தண்ணீர் மட்டும்தான், புரதம் அப்படியே இருக்கும். அதனால் நன்றாகக் காயவிட்டுச் சுட்டால் லேபிளில் எண் ஏறும். சிலர் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். ரஸ்க் மாதிரி உலர்ந்த ஒன்றைப் பிரெட் என்று கொடுத்து, நூறு கிராமுக்குப் பதினைந்து என்பார்கள். துண்டு என்ன எடை என்று கேட்டால் பேச்சு மாறும்.

நான் துண்டு போடுவது 60 கிராம். அதில் ஆறரை கிராம் புரதம். விழுப்புரத்தில் ஜிம் நடத்துகிற தம்பியிடம் முதல் தடவை இதைச் சொன்னபோது, "அப்போ ஒரு முட்டைதானேக்கா?" என்றான். ஆமாம், ஒரு முட்டைதான். முட்டை ஆறேழு ரூபாய்க்குக் கிடைக்கிறது, என் துண்டு அதைப் போல ஐந்து மடங்கு. "அவிச்ச முட்டை சாப்பிடத் தெரிஞ்சவன் அதையே சாப்பிடட்டும்ப்பா, டீயோட ஏதாவது வேணும்னு பப்ஸ் வாங்குறான் பாரு, அவனுக்கு இதைக் குடு" என்றேன். அன்றிலிருந்து அவன் என் பண்டத்தை அப்படித்தான் விற்கிறான். பாக்கி வைக்காமல் காசும் கொடுக்கிறான்.

அவன் ஜிம்முக்கு வருகிற பையன்கள் வே புரோட்டீன் டின்னோடு வந்தார்கள். ஒரு கரண்டியில் 24 கிராம் என்று டின்னில் எழுதியிருக்கிறது, இதைப் போட்டால் எண் எங்கேயோ போகும் அல்லவா? போகும். மாவில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்தப் பவுடரைப் போட்டுச் சுட்டுக்காட்டினேன். ஓவனில் ஜோராக எழும்பியது. வெளியே எடுத்ததும் நடுவில் அமுங்கி, ஆறியதும் ரப்பர் ஆகிவிட்டது. கத்தி போட்டால் துள்ளியது. காரணம் இதுதான்: கோதுமையில் தண்ணீர் பட்டதும் பசைத்தன்மையுள்ள வலை பின்னும், காற்றை அது பிடித்து வைக்கும். வே என்கிற மோர்த்தெளிவுப் புரதத்துக்கு அந்த வலை பின்னத் தெரியாது. சூடு பட்டதும் சுருண்டு இறுகி ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளும். பருப்பு மாவுக்கும் வலை கிடையாது, ஆனால் அதில் மாவுச்சத்து இருப்பதால் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மாவு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வே போகக்கூடாது என்பது என் அனுபவம். அதற்கும் மேல் வேண்டுமானால் பாலில் கலந்து குடித்துவிடலாம், பழத்தையும் ஓவனையும் ஏன் சிரமப்படுத்த வேண்டும்?

வலை இல்லாத குறையை முட்டைதான் ஈடு கட்டுகிறது. மூன்று முட்டையையும் நாட்டுச்சர்க்கரையோடு நுரைக்க அடித்து, அதில் பழம், தயிர், எண்ணெய், அப்புறம் மாவுகள். கலந்ததும் டின்னில் ஊற்றக்கூடாது. பருப்பு மாவு நிதானமாகத் தண்ணீர் குடிக்கும், இருபது நிமிடம் மூடி வைக்கவேண்டும். இட்லி மாவு பதத்திலிருந்து வடை மாவுக்குச் சற்று முந்திய பதம் வரைக்கும் இறுகும். ரொம்ப இறுகினால் இரண்டு கரண்டி பால். கடைசியாகச் சோடாவைச் சலித்துத் தூவி, நாலு சுற்றுச் சுற்றி உடனே ஓவன். முன்பே சோடா போட்டு மூடி வைத்தால் காற்றெல்லாம் பாத்திரத்திலேயே போய்விடும். சோடா கூடினால் சோப்பு வாடை அடிக்கும், நிறமும் கறுக்கும்.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. புரதமும் சர்க்கரையும் சேர்ந்து சூடு பட்டால்தான் மேல்தோல் சிவக்கும். சாதாரண கேக்குக்கு 180 டிகிரி வைப்பதை இதற்கும் வைத்தால் அரைமணியில் மேலே தீய்ந்து உள்ளே குழகுழவென்று இருக்கும், ஏனென்றால் இதில் புரதமும் கூட, பழச் சர்க்கரையும் கூட, பால் சர்க்கரையும் கூட. 160-ல் ஒரு மணி நேரம். பாதி நேரம் ஆனதும் அலுமினியத் தாள் ஒன்றை மேலே தளர்வாகப் போட்டுவிடவேண்டும். வெந்ததா என்று பார்க்க நான் வைத்திருப்பது ஈர்க்குச்சி. துடைப்பத்திலிருந்து உருவியதல்ல, பயப்படவேண்டாம், இதற்கென்று சீவிக் கழுவிக் காயவைத்த கட்டு ஒன்று இருக்கிறது. குச்சியில் ஓரிரு ஈரப் பிசிறு ஒட்டினால் சரி. சுத்தமாக வந்தால் கொஞ்சம் அதிகமாகவே வெந்துவிட்டது என்று அர்த்தம். முழுவதும் ஆறாமல் வெட்டவே கூடாது. ராத்திரி சுட்டு, காலையில் வெட்டி, ஏழு மணிக்குள் டப்பாவில் அடைத்துவிடுவேன். விழுப்புரம் போகிற டப்பா ரயிலில் போகும்.

2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. மயிலம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். கரண்ட் போனது போனதுதான். வீட்டில் இரண்டு சீப்பு பூவன் கறுத்துத் தயாராக இருந்தது. முட்டை ஒரு அட்டை. ஓவன் வெறும் பெட்டி. கேஸ் இருந்தது, அடிகனமான குண்டான் இருந்தது, மரக்காணத்துக் கல்லுப்பு ஒரு பை இருந்தது. குண்டானில் இரண்டு விரல் உயரத்துக்கு உப்பைப் பரப்பி, நடுவில் ஒரு ஸ்டாண்டை வைத்து, மூடி போட்டுக் கால்மணி நேரம் சூடேற்றி, டின்னை உள்ளே இறக்கினேன். மூடிக்கு உள்பக்கம் துணி கட்டினால் ஆவித் தண்ணீர் சொட்டாது. மிகச் சிறிய தீயில் ஒன்றேகால் மணி நேரம். மேல்பக்கம் சிவக்கவில்லை, வெளுத்து இட்லி நிறத்தில் வந்தது. பக்கமும் அடியும் அருமை. சொல்லப்போனால் உள்ளே இருந்த ஈரம் ஓவனில் சுட்டதை விட நன்றாக இருந்தது. உப்பு மெதுவாகச் சூட்டை விடுகிறது, ஓவனின் கம்பி அப்படிச் செய்வதில்லை. தெருவில் சமைக்க முடியாமல் இருந்த நாலைந்து வீடுகளுக்குத் துண்டு போட்டுக் கொடுத்தோம். விழுப்புரத்துக்கு அனுப்ப வழியில்லை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றுவிட்டன. ஜிம் தம்பி போன் போட்டு, "அக்கா, புரோட்டீன் இல்லாம செத்துட மாட்டோம், நீங்க பத்திரமா இருங்க" என்றான்.

முட்டைக்கு இந்தப் பக்கத்தில் நாள் நட்சத்திரம் உண்டு. செவ்வாய், வெள்ளி பலருக்கு ஆகாது. அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டை நிறைத்துவிடும், அன்றைக்கு முட்டை போட்ட பண்டத்தை எடுத்து வைத்தால் பார்க்கவே மாட்டார்கள். புரட்டாசி முழுக்க விற்பனை படுத்துவிடும். முதல் வருடம் கடையை மூடிவிட்டுச் சும்மா இருந்தேன். இப்போது முட்டைக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் நூறு கிராமும், சோடாவோடு அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரும். சற்றுத் தட்டையாக வரும், ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் முட்டையின் 20 கிராம் போய்த் தயிரின் ஆறேழு கிராம்தான் வருகிறது, கணக்கு பத்துக்குள் நின்றுவிடுகிறது. பால் பவுடரைக் கூட்டி ஏற்றிவிடலாம் என்று பார்த்தால் பால்கோவா வாசனை தூக்குகிறது, மேல்தோலும் கறுக்கிறது. ஆகவே புரட்டாசியில் என் லேபிளில் 'புரதம் உள்ளது' என்று மட்டும் இருக்கும். 'நிறைந்தது' ஐப்பசியில் திரும்பி வரும். வித்தியாசத்தைக் கவனித்துக் கேட்டவர் ஒரே ஒரு ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்.

அவரே இன்னொன்றும் கேட்டார்: சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா? நாட்டுச்சர்க்கரையை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றேன். பழத்தில் இருக்கும் சர்க்கரையை என்னால் எடுக்க முடியாது என்பதையும் சொன்னேன். ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் சார், இட்லியில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நான் நேரடியாக விற்பதில்லை. அவர்களில் பலருக்கு டாக்டர்கள் புரதத்தை அளந்து சாப்பிடச் சொல்லியிருப்பார்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும். மல்லாட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக லேபிளின் முதல் வரியிலேயே அதைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

இப்போது ஜிம் தம்பிக்குப் பதினொன்று போதவில்லை. சென்னையில் இருபது என்று எழுதி விற்கிறார்களாம். இருபதுக்கு நான் போகமாட்டேன், அது வே இல்லாமல் ஆகாது. ஆனால் பன்னிரண்டுக்கு மேல் ஏற ஒரு வழி இருக்கிறது. அது புதிதும் இல்லை. மைசூரில் இருக்கிற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950களிலேயே எண்ணெய் எடுத்த மல்லாட்டை மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் கலந்து, வைட்டமினும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்து, பல்நோக்கு உணவு என்று ஒன்றைச் செய்தது. நூறு கிராமில் நாற்பதுக்கு மேல் புரதம். குழந்தைகளின் ஊட்டக்குறைவுக்கு என்று செய்தது. மல்லாட்டையும் கடலையும்தான், என் டின்னில் இருக்கிற அதே ஜோடி. எண்ணெய் போனால் புரதத்தின் பங்கு ஏறுகிறது, சூட்சுமம் அவ்வளவே.

செக்குப் புண்ணாக்கை வாங்கிப் போட்டுவிடலாமே என்பார்கள். மாட்டுக்குப் போகிற புண்ணாக்கில் என்ன பருப்பு போனது, எத்தனை நாள் ஈரத்தோடு கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? வான்கோழிகளை நினைத்துக்கொண்டு அதைத் தொடவில்லை. நான் பொறுக்கிய பருப்பை மட்டும் தனியாக ஆட்டித் தரச்சொல்லிச் செக்குக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். கணக்கு எழுதிப் பார்த்தாகிவிட்டது: 60 கிராம் மல்லாட்டைப் பொடியில் 14 கிராம் இருந்த இடத்தில் 27 வரும், போன எண்ணெய்க்கு ஈடாக 20 கிராம் சேர்த்தாலும் நூறுக்குப் பன்னிரண்டரை நிற்கும். சிக்கல் இரண்டு. மல்லாட்டை ஆட்டும்போது தண்ணீர் தெளிப்பார்கள், அந்த ஈரத்தோடு வெளியே வருகிற புண்ணாக்கை அன்றைக்கே காயவைக்கவேண்டும், வெயில் இல்லாத மாதத்தில் அது நடக்காது. இரண்டாவது, எனக்கு முன்னால் கருப்பட்டி போட்டு எள் ஆட்டியிருந்தால் செக்கு முழுக்க அது ஒட்டியிருக்கும்.

"கழுவித் தரேம்மா, ஆனா அஞ்சு கிலோவுக்கெல்லாம் கழுவ முடியாது, இருபது கிலோவாச்சும் கொண்டா" என்கிறார் அவர். இருபது கிலோ பருப்பை முறத்தில் பொறுக்குவது யார் என்று மாமியாரிடம் இன்னும் கேட்கவில்லை. பங்குனியில் புதுக் காய் வரும்போது கேட்கலாம் என்று இருக்கிறேன், அப்போது வெயிலும் இருக்கும்.